தம்பி ரெஸ்லிங் போகிறேன் என்கிறான்: படிப்பை விடலாமா?

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 20 வயதுத் தம்பி பாலிடெக்னிக்கில் டிப்ளோமா கடைசி ஆண்டு படிக்கிறான். அதை நிறுத்திவிட்டு முழுநேரமாக புரோ ரெஸ்லிங் (டிவியில் வரும் மேடை மல்யுத்தம்) பயிற்சியில் இறங்கப் போவதாகச் சொல்கிறான். "எல்லாம் பேசி வைத்துச் செய்வதுதான், அடிபடாது என்கிறான். கோலாலம்பூரில் இருந்துகொண்டு இதைத் தொழிலாகச் செய்ய முடியுமா? அம்மா தினமும் அழுகிறார். நான் என்னதான் சொல்வது?" என்பது அவருடைய கேள்வி. உடம்பு தாங்குமா, வயிறு நிறையுமா என்று இரண்டு கேள்விகள் இதில் வெளியே தெரிகின்றன. அவர் கேட்க வந்தது மூன்றாவது ஒன்று என்று நினைக்கிறேன். தம்பியைத் தடுத்து நிறுத்துவதா, கூட நிற்பதா?

நான் கோலாலம்பூரில் பிசியோதெரபிஸ்ட். பல வருடங்களாக விளையாட்டுக் காயங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உள்ளூர் ரெஸ்லிங் நிகழ்ச்சிகளில் ரிங் ஓரத்தில் உதவிக்கு உட்கார்ந்திருக்கிறேன், அங்கே அடிபட்டவர்களுக்கு அப்புறம் மாதக்கணக்கில் சிகிச்சையும் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் ரிங்கில் ஏறியவர் இல்லை, நிகழ்ச்சி நடத்தியவரும் இல்லை. அதனால் உடம்பைப் பற்றிச் சொல்வதை என் தொழில் அறிவாக எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றிச் சொல்வது, சிகிச்சைக்கு வந்தவர்கள் மனம்விட்டுப் பேசியதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

முதலில் அந்த "பேசி வைத்துச் செய்வதுதான்" விஷயம். யார் ஜெயிக்கப் போகிறார் என்பது முன்பே முடிவாகிவிடும். அதை இப்போது யாரும் மறைப்பதுமில்லை. முக்கியமான அடிகளை இரண்டு பேரும் உடை மாற்றும் அறையிலேயே பேசிக்கொள்வார்கள், மிச்சத்தை ஆட்டத்தின் நடுவே பிடியில் இருக்கும்போது காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் கீழே விழுவதில் நடிப்புக்கு இடமில்லை. 80 கிலோ உடம்பு ஆள் உயரத்திலிருந்து இறங்கினால் 80 கிலோவாகத்தான் இறங்கும். டிவியில் பார்த்தால் ரிங் மெத்தை மாதிரித் தெரியும். மேலே கேன்வாஸ், அதன் கீழே மெல்லிய ஃபோம், அதன் கீழே பலகை, பலகையைத் தாங்க இரும்புச் சட்டம், அவ்வளவுதான். சில ரிங்குகளில் டேப் சுற்றிய நிஜக் கயிறு கட்டியிருப்பார்கள். பல சிறிய ரிங்குகளில் அது ரப்பர் குழாய்க்குள் ஓடும் இரும்புக் கேபிள். கயிற்றில் ஓடி மோதித் திரும்பப் பழகும் முதல் வாரங்களில் பையன்களின் விலாவிலும் முதுகிலும் கோடு கோடாகக் கன்றிப்போயிருக்கும். இதை உங்கள் தம்பியே சீக்கிரம் தெரிந்துகொள்வான்.

நல்ல பயிற்சியாளர் முதலில் சொல்லித்தருவது விழுவதைத்தான். அவர்கள் அதை 'பம்ப்' என்பார்கள். மல்லாந்து விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும். கைகளை உடம்பிலிருந்து விலக்கி, உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். அடியின் வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவுவதற்கான வழி இது. பின்தலை மட்டும் தரையைத் தொடவே கூடாது. கேட்க எளிது. ஆனால் தாடையை நெஞ்சோடு பிடித்து வைத்திருப்பது கழுத்தின் முன்பக்கத்துச் சிறிய தசைகள். நம்மில் பெரும்பாலோர் அவற்றைத் தனியாகப் பயிற்றுவித்ததே இல்லை. இருபது தடவை விழுந்த பிறகு அவை களைத்துவிடும், அடுத்த தடவை தலை பின்னால் துள்ளிப் பலகையில் மோதும். என்னிடம் தலைவலியோடு வரும் புதுப் பையன்களிடம் எப்போது அடிபட்டது என்று கேட்டால், பலர் சொல்வது பயிற்சியின் கடைசி அரை மணி நேரம். அதனால்தான் ரிங்கில் ஏறுவதற்கு முன் குறைந்தது இரண்டு மூன்று மாதம் கழுத்துக்கும் இடுப்புக்கும் மட்டும் பயிற்சி எடுக்கச் சொல்கிறேன்.

மற்ற காயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோள்பட்டை மூட்டு விலகுவது, கால் திரும்பிய நிலையில் இறங்கி முட்டியின் உள்தசைநார் கிழிவது, கணுக்கால் பிசகுவது, கீழ்முதுகு வலி இவையெல்லாம் வரும். பெரும்பாலானவை ஆறும். முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் போனால் பழைய நிலைக்கு வர ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். கழுத்திலிருந்து கைவரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுரீர் வந்து, கை கொஞ்ச நேரம் மரத்துப்போனால் அது நரம்பு தரும் எச்சரிக்கை. அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தியே ஆகவேண்டும். இரண்டு கையிலும் வந்தாலோ, காலும் சேர்ந்து மரத்தாலோ நேராக மருத்துவமனை. இன்னொன்று யாரும் பேசாத விஷயம்: நம் ஊர்ப் புழுக்கத்தில் பல பேர் வியர்வை சிந்தும் ஒரே மேட், ஒரே கேன்வாஸ். படர்தாமரையும் சீழ்க்கட்டியும் அங்கே சர்வசாதாரணம். பயிற்சி முடிந்தவுடன் மேட்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்று பார்த்தாலே அந்த இடத்தின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

அனுபவம் வந்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா, எப்பேர்ப்பட்ட அடியையும் அழகாக வாங்கி விழத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர். 2009 ஜூனில் ஹிரோஷிமாவில் ஒரு ஆட்டத்தில், எதிராளி பின்னாலிருந்து தூக்கி மல்லாக்க வீசும், வாழ்நாளெல்லாம் வாங்கிப் பழகிய ஒரு அடியில் விழுந்தார், எழவில்லை. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு அன்றே இறந்தார். வயது 46. அம்மாவைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு அடியைவிட, வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் அடிகள்தான் கழுத்தைத் தேய்க்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானவை. மூளை விஷயத்தில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறியவர் அன்றே திரும்ப விளையாடக் கூடாது என்பது உறுதி. முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்து ஓய்வு, பிறகு லேசான நடை, சைக்கிள், அப்புறம் மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் சரி என்ற பிறகே விழுவது என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். தலையில் மோதல் ஏற்படும் கட்டத்தை நெருங்கும்போது ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் வழிகாட்டியும் இப்படித்தான் சொல்கிறது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, கடும் கழுத்துவலி, வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. எத்தனை அடி வாங்கினால் பிற்காலத்தில் மூளை பாதிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் எண்ணிக்கை கிடையாது. திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு குத்துச்சண்டை வீரர்களிடமும், அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடமும், சில ரெஸ்லர்களிடமும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அதை இறந்த பிறகு மூளைத் திசுவை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடிகிறது. அதனால் "ஸ்கேன் எடுத்தேன், சுத்தமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அது இனி ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதம் ஆகாது.

சரி, பணம். கோலாலம்பூரில் இது ஒன்றும் புதிய மோகம் இல்லை. கிங் காங், தாராசிங் என்ற மல்யுத்த வீரர்களை நம் தாத்தாக்கள் காசு கொடுத்துப் பார்த்த நாடு இது. தாராசிங் 1947-ல் சிங்கப்பூருக்கு வந்தார், தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா சாம்பியன் என்று பெயர் வாங்கினார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மோதினால் வருமானம் இருந்தது, மக்களுக்கு வேறு பொழுதுபோக்கும் குறைவு. கிங் காங் 1970-ல் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தார். அவர்களுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ரெஸ்லிங் என்றால் டிவியில் அமெரிக்கக்காரர்களைப் பார்ப்பது என்று ஆகிப்போனது. இப்போதுள்ள உள்ளூர் ரிங்குகளுக்கு வயது குறைவு. ஹாங்காங்கில் ஹோ ஹோ லுன் 2009-ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 2012-ல் சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங் வந்தது. நம் ஊரில் அய்ஸ் ஷௌக்கத் ஃபொன்செக்கா தொடங்கிய மலேசியா புரோ ரெஸ்லிங் 2014-லிருந்து இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் ஆசையை முதலாகப் போட்டு நடத்துகிறவர்கள். மண்டபம், ரிங், ஒலி, விளக்கு, உரிமம் என்று செலவு போனபின் மேடையேறுபவருக்குக் கொடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிராப் வாடகைக் காருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். பெயர் எடுத்தவருக்குக் கொஞ்சம் கூடும், டி-ஷர்ட், புகைப்படம் விற்றால் இன்னும் கொஞ்சம் வரும். நிகழ்ச்சியும் வாராவாரம் நடப்பதில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். உள்ளூர் ரிங்கை மட்டும் நம்பி மாதாமாதம் அதைச் சம்பாதிக்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பூட்ஸ், முட்டிக் கவசம், உடை தைக்கும் கூலி, பயிற்சிக் கட்டணம், பஸ் டிக்கெட் எல்லாம் கையிலிருந்துதான் போகும்.

அதே சமயம், இங்கிருந்து ஒன்றும் ஆகாது என்று சொல்வதும் பொய். ஃபீனிக்ஸ் என்ற பெயரில் மோதும் நோர் டயானாவை உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். ஹிஜாப் அணிந்த, ஒல்லியான பெண். 2019-ல், 19 வயதில், நான்கு ஆண்களை வென்று மலேசியா புரோ ரெஸ்லிங்கின் ரெஸ்ல்கான் பட்டத்தை எடுத்தபோது உலகச் செய்தி ஆனார். அந்தச் சமயத்தில் அவர் பகலில் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஹோ ஹோ லுன் 2016-ல், அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ எடை குறைந்த வீரர்களுக்காக நடத்திய க்ரூசர்வெயிட் போட்டித் தொடரில் மோதினார். ரிங்கே இல்லாத ஹாங்காங்கில் தானே ஒன்றைக் கட்டி, ஏழு வருடம் கழித்துக் கிடைத்த வாய்ப்பு அது. அமெரிக்காவிலேயே நிலைமை இதுதான். பிரையன் டேனியல்சன் 1999-ல் களத்துக்கு வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் சின்ன அரங்கங்களில் உழைத்த பிறகே பெரிய மேடையில் நிலைத்தார். 2016-ல் தலைக் காயங்களால் ஓய்வு பெற வேண்டி வந்தது, இரண்டு வருடம் கழித்துத்தான் மருத்துவர்கள் திரும்ப அனுமதித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிப்ளோமாவை விடக் கூடாது. ரெஸ்லிங் மட்டமான தொழில் என்பதால் சொல்லவில்லை. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. வேறு இடத்தில் நிலையான சம்பளம் வாங்குகிறவரால்தான் ரிங்கில் "முடியாது" என்று சொல்ல முடிகிறது. என் அறைக்கு வருகிறவர்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வேலை இருப்பவரிடம் ஆறு வாரம் விழக் கூடாது என்றால் முகம் சுருங்கும், ஆனால் கேட்டுக்கொள்வார். ரிங்கை மட்டும் நம்பியிருப்பவர், "அடுத்த சனிக்கிழமை ஒரு ஆட்டம் இருக்கிறது, அதை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்" என்பார். தோள் பாதி ஆறிய நிலையில் போவார், தோளைக் காப்பாற்ற உடம்பைத் திருப்பி விழுவார், அடுத்த தடவை கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். ஏணியிலிருந்து குதி, நாற்காலியால் தலையில் அடி வாங்கு, குழல்விளக்கை உடைத்து ரத்தம் காட்டு என்று எவராவது கேட்டால், அடுத்த மாத வாடகை அந்த ஆட்டத்தில் இருக்கும்போது மறுப்பது ரொம்பக் கஷ்டம். தாராசிங்கின் தொழிற்சாலை வேலையும் ஃபீனிக்ஸின் மருத்துவமனை வேலையும் கனவுக்குக் குறுக்கே நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் காத்திருப்பதற்கான தெம்பே அங்கிருந்துதான் வந்திருக்கும். இன்னொரு நடைமுறைக் கணக்கும் உண்டு: பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் பாதியில் விடாது.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் அதற்கும் இந்த டிப்ளோமாவால் கிடைக்கும் வேலை உதவும், ஏனென்றால் முதல் பயணங்களுக்கான டிக்கெட்டை அவனேதான் வாங்க வேண்டியிருக்கும். சிங்கப்பூர், பாங்காக், மணிலா, ஹாங்காங் என்று இந்த வட்டாரத்தில் சிறு ரிங்குகள் இருக்கின்றன. ஜப்பான்தான் பலருக்கும் லட்சியம். இங்கே ஒரு எச்சரிக்கை. மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பல நாடுகளுக்கு விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு மேடையேறுவது வேறு கதை. ஜப்பானில் அதற்குக் கேளிக்கைக் கலைஞருக்கான தனி விசா வேண்டும். அமெரிக்காவுக்கும் நிகழ்ச்சியாளருக்கான விசா வேண்டும், அதற்கு அங்குள்ள நிறுவனமோ முகவரோதான் விண்ணப்பிக்க வேண்டும். "சுற்றுலா என்று சொல்லி வந்துவிடு" என்று அழைப்பவர் பேச்சைக் கேட்டுப் போய்ப் பிடிபட்டால், அடுத்த வாய்ப்பு வரும்போது அந்தப் பதிவு குறுக்கே வந்து நிற்கும்.

பாதுகாப்பு வலையை அவனே பின்னிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சுயேச்சை ரெஸ்லருக்கு முதலாளி கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு சொக்சோவில் (அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) தனித் திட்டம் இருக்கிறது, அதில் கலைத்துறையும் ஒரு பிரிவு. ரெஸ்லிங் மேடை அதில் அடங்குமா என்பதை சொக்சோ அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் விபத்துக் காப்புறுதி எடுத்தால் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். தொழில்முறை விளையாட்டும் மோதல் விளையாட்டும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். ஏஜெண்டிடம் "ஜிம் போகிறான்" என்று மட்டும் சொல்லி எடுத்த பாலிசி, கழுத்து ஒடிந்த அன்று கை கொடுக்காது. தேசிய அணி வீரர்களுக்கு புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இவனுக்கு அது இல்லை, அரசு மருத்துவமனை வரிசையில்தான் நிற்க வேண்டும். அங்கே செலவு குறைவு என்பது பெரிய ஆறுதல்.

பயிற்சி இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவன் சேருவதற்கு முன் நீங்களும் கூடப் போய் ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கே சேர வேண்டாம். புதியவர்களை முதல் வாரமே தூக்கி வீசுகிறார்களா, உருளவும் விழவும் பல வாரம் பழக்குகிறார்களா? களைத்தவரை நிறுத்தி ஓரமாக உட்கார வைக்கிறார்களா, கேலி செய்கிறார்களா? தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். ஒழுங்கானவர் உடனே தெளிவாகப் பதில் சொல்வார். "இங்கே யாருக்கும் அடிபடாது" என்பவர் ஒன்று கவனிக்காதவர், இல்லையென்றால் மறைப்பவர். சீக்கிரம் மேடையேற்றுகிறேன் என்று பெரிய தொகையை முன்கூட்டிக் கேட்பவரிடமும் கவனம் தேவை. அவனுக்குத் திறமை இருக்கிறதா என்பதை நானோ நீங்களோ சொல்ல முடியாது. ஒரு வருடம் பழக்கிய நேர்மையான பயிற்சியாளரால்தான் சொல்ல முடியும்.

அம்மாவிடம் என்ன சொல்வது? "ரெஸ்லிங்கை விட்டுவிட்டான்" என்றும் சொல்ல வேண்டாம், "பயப்பட ஒன்றுமில்லை" என்றும் சொல்ல வேண்டாம். டிப்ளோமாவை முடிக்கிறான், வாரத்தில் இரண்டு நாள் மாலையில் பயிற்சிக்குப் போகிறான், தலையில் அடிபட்டால் வீட்டில் மறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். இந்த மூன்றுக்கும் தம்பி ஒப்புக்கொண்டால் நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வீட்டில் பயிற்சியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இந்த வயதுப் பையன்கள் தலைவலியை மறைக்கிறார்கள். வீட்டில் சொன்னால் திட்டு விழாது, மருத்துவரிடம்தான் போவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி தொடங்குவதற்கு முன் கழுத்தையும் தோளையும் ஒரு பிசியோவிடம் காட்டி, இப்போதைய பலத்தையும் அசைவையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் இல்லாமல்தான் நாங்கள் பெரும்பாலும் திண்டாடுகிறோம்.